அரை மில்லிமீட்டர்

1988 மார்ச் மாதம், அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், 62 வயதுப் பெண்மணி ஒருவருக்குக் கண்ணைச் சுற்றிப் புற்றுநோய். ஒரு கண்ணை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று முடிவாகிவிட்டது. ஆனால் அந்தக் கண்ணில் பார்வை நன்றாகவே இருந்தது. எடுப்பதற்கு முன்னால் அதில் ஒரு பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று அவர் முன்வந்தார். மார்கரீட் மெக்டொனால்டு என்ற மருத்துவர் எக்சைமர் லேசரை அந்தக் கருவிழியின்மேல் செலுத்தி அதன் வளைவை மாற்றினார். பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. சில நாட்களில் கண் அகற்றப்பட்டு ஆய்வுக்குப் போனது. அதற்குமுன் முயலிலும் குரங்கிலும் பார்த்திருந்தார்கள். பார்வை இழந்த கண்களில் பார்த்திருந்தார்கள். பார்க்கிற கண்ணில் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குச் சொன்னது அந்த மூதாட்டியின் கண்தான்.

கண்ணும் பெண்ணுடையது, கையும் பெண்ணுடையது. ஆனாலும் லேசர் கண் சிகிச்சையின் கதையைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் வழக்கமாக வேறிடத்தில்தான் தொடங்குகிறார்கள். அந்த இடமும் நமக்குச் சொந்தமானது என்பதால் சொல்லிவிடலாம். ரங்கசாமி சீனிவாசன் 1929-இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய் முனைவர் பட்டம் பெற்று, 1961-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1981 நவம்பரில் அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள் முடிந்த மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனார். எக்சைமர் லேசரின் புற ஊதாக் கதிர் அந்தக் குருத்தெலும்பில் பட்ட இடம், சுற்றிலும் கருகாமல், கத்தி வைத்துச் செதுக்கியதுபோலச் சுத்தமாக விலகியிருந்தது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற சகாக்களும் அவரும் சேர்ந்து கண்டதற்கு 2013-இல் அதிபர் ஒபாமா கையால் விருது கிடைத்தது. வான்கோழித் துண்டை யார் எடுத்து வந்தார் என்பது எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது. அதைச் சமைத்தது யார் என்று நான் வாசித்த எதிலும் இல்லை.

1983-இல் ஸ்டீபன் டிராக்கல் என்ற கண் மருத்துவர் சீனிவாசனோடு சேர்ந்து இந்தக் கதிரைக் கருவிழியில் பயன்படுத்தலாம் என்று காட்டினார். கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முகப்பில் கடிகாரக் கண்ணாடிபோல மூடியிருக்கும் நிறமற்ற படலத்தை. கண்தானம் செய்தால் எடுத்துப் பொருத்துவது இதைத்தான். நடுவில் இதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். லேசரின் ஒரு துடிப்பு அதில் கால் மைக்ரான் அளவைச் சீவி எடுக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிட்டப்பார்வை உள்ள கண்ணில் படலத்தின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால், முன்னால் குவிந்துவிடுகிற ஒளி விழித்திரையில் போய்ச் சரியாக விழும். அவ்வளவுதான் சூத்திரம்.

என் கருவிழியை நான் சிங்கப்பூரில் சீவிக்கொண்டேன். 2012, எனக்கு 31 வயது. கணவரின் வேலையை ஒட்டி இரண்டு வருடம் அங்கே இருந்தோம். உலகத்திலேயே கிட்டப்பார்வை மிகுந்த ஊர்களில் அது ஒன்று. பள்ளிக்கூட வாசலில் நின்றால் முக்கால்வாசிப் பிள்ளைகள் மூக்கில் கண்ணாடி. எனவே லேசர் மையங்களுக்கும் குறைவில்லை. மைனஸ் ஆறரை பவர் கண்ணாடியோடு எட்டாம் வகுப்பிலிருந்து காலம் தள்ளியவளுக்கு அது சந்தை மாதிரித் தெரிந்தது.

கையெழுத்து வாங்கிய படிவத்தில் என்னை யோசிக்கவைத்த கேள்வி ஒன்று இருந்தது. கர்ப்பமாக இருக்கிறீர்களா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா என்பது. ஹார்மோன் மாறும்போது கருவிழியின் வளைவும் பவரும் மாறக்கூடும், அதனால் அந்தக் காலத்தில் செய்யமாட்டார்கள். பிள்ளை பெறுவது கண்ணைக்கூடத் தொடுகிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சில நாள் முன்னிருந்தே மை இடக்கூடாது என்றார்கள். மருந்துச் சொட்டில் கண் மரத்துப்போனது. இமைகளை ஒரு கம்பி விரித்துப் பிடித்தது. ஒரு வளையம் விழியை அழுத்தியபோது சில நொடிகள் எல்லாம் இருண்டது. கண் திறந்திருக்கும்போதே குருடாவது எப்படி என்று எனக்கு அந்தச் சில நொடிகளில் தெரிந்தது. ஒரு லேசர் மேற்படலத்தை மடலாக வெட்ட, மருத்துவர் அதைப் புத்தகத்தின் பக்கத்தைப்போல் புரட்டி வைத்தார். சிமிட்டும் விளக்கையே பாருங்கள், அசையாதீர்கள் என்றார். முடி பொசுங்குவது போன்ற வாசனை வந்தது. என் கண்ணின் வாசனை அது. மடலைத் திரும்பப் படியவைத்தார். ஒவ்வொரு கண்ணுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன். முட்கள் மட்டுமா, நொடி முள்ளின் நுனிகூடத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இரவில் தேக்கா வீதி விளக்குகளைச் சுற்றி ஒவ்வொன்றுக்கும் ஒளிவட்டம் தெரிந்தது, சாமி படத்தில் போல. அது ஆறு மாதத்தில் அடங்கிவிட்டது. அடங்காமல் நீண்டது வறட்சி. மடலை வெட்டும்போது கருவிழியின் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. அவை திரும்ப வளரும்வரை கண்ணீர் சரியாகச் சுரப்பதில்லை. கண் வறட்சி பொதுவாகவே பெண்களுக்கு அதிகம். திருக்குறளில் கண்விதுப்பழிதல் என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. அதில் அழுது அழுது நீர் வற்றிப்போன கண்ணைப் பற்றித் தலைவி பேசுகிறாள். பாடம் நடத்திய அதிகாரம்தான், ஆனால் பாட்டிலில் வாங்கிய கண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு படித்தபோது வேறாகப் பட்டது. நம் இலக்கியத்தில் பெண் கண் மீனாகவும் குவளையாகவும் மானாகவும் வருணிக்கப்பட்ட இடங்களைத் தொகுத்தால் ஒரு நூலகம் வைக்கலாம். அந்தப் பத்துக் குறளில்தான் கண், பார்த்ததற்காகத் திட்டு வாங்குகிறது. அங்கே அது பார்க்கிற உறுப்பு.

இந்த வித்தியாசம் எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே புரிந்துவிடும். தேவாரத்தில் நான் கண்ணாடி போட்ட அன்று அப்பத்தா அழுதார். "நாளைக்கு இவள எவன்டி கட்டுவான்?" என்றுதான் அழுதார், கரும்பலகை தெரியாமல் மூன்று வருடம் முன் பெஞ்சுக்காரியின் நோட்டைப் பார்த்து எழுதினேனே என்பதற்காக அல்ல. பெண் பார்க்க வரும்போது கண்ணாடியைக் கழற்றி அரிசி டப்பாவில் வைத்துவிட்டுக் காபித் தட்டோடு போன அக்காமார்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மாப்பிள்ளை முகம் தெரியாமலே தலையாட்டியவர்கள். பெரியம்மா மகள் ஒருத்திக்குத் தட்டை எடுத்துக்கொண்டது மாப்பிள்ளையா மாமனாரா என்றுகூடத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். 2009-இல் கலைஞர் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல திட்டம். வாங்கிய கண்ணாடியைப் பெண் பிள்ளைகள் எத்தனை நாள் போட்டார்கள் என்பது வீட்டுக்குள் தீர்மானமாகிற விஷயம். இன்றைக்கு நிச்சயதார்த்தத்துக்கு முன் பெண்ணுக்கு லேசர் செய்துவிடுகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். நகை, பாத்திரம், பைக், அதோடு ஒரு ஜோடித் திருத்திய கண்.

கருவிழியைத் திருத்திக்கொள்ள ஊர் விட்டு ஊர் போவது லேசருக்கும் முந்திய பழக்கம். 1930-களிலிருந்து ஜப்பானில் சாத்தோ என்ற மருத்துவர் கருவிழியின் உட்புறத்தில் கீறல்கள் போட்டுக் கிட்டப்பார்வையைக் குறைத்தார். உள்ளே ஓர் அடுக்குச் செல்கள் தான் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கின்றன, அவை அழிந்தால் திரும்ப முளைக்காது என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. பல வருடம் கழித்து அந்த நோயாளிகளின் கருவிழிகள் ஒவ்வொன்றாக வெளுத்துப் பழுதாயின. கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் ஹோஸே பர்ராக்கர், படலத்தைச் சீவி எடுத்து, உறையவைத்துக் கடைந்து, மறுபடி வைத்துத் தைத்தார். இன்றைய மடலுக்கு அதுதான் பாட்டன். 1970-களில் மாஸ்கோவில் ஸ்வியதோஸ்லாவ் ஃபியோதரவ் கருவிழியின் வெளிப்புறத்தில் சைக்கிள் சக்கரக் கம்பிகள்போல் கீறல் போட்டார். நோயாளிகள் நகரும் பட்டையில் படுத்து ஒரு மருத்துவரிடமிருந்து அடுத்தவரிடம் போவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் டாலரோடு மாஸ்கோ போனார்கள். அது போதாதென்று ஒரு கப்பலையே கண் மருத்துவமனையாக்கிக் கடலில் அனுப்பினார். அமெரிக்கா தன் மக்களுக்கு எக்சைமர் சிகிச்சையை 1995 அக்டோபரில்தான் அனுமதித்தது. அதுவரை அமெரிக்கர்கள் எல்லை தாண்டிக் கனடா போனார்கள். இன்று அதே அமெரிக்காவிலிருக்கும் தமிழர்கள் விடுமுறைக்குச் சென்னைக்கும் மதுரைக்கும் வந்து கண்ணைச் செய்துகொண்டு திரும்புகிறார்கள். பணம் குறைவு, கூட அம்மா இருப்பார் மருந்து விட.

கண்ணுக்காக வெளிநாடு போனவர்களில் எனக்கு முக்கியமாகப் படுகிறவர் சிகிச்சைக்குப் போனவர் இல்லை. பாட்ரிசியா பாத், நியூயார்க்கின் ஹார்லெமில் 1942-இல் பிறந்த கறுப்பினப் பெண். மருத்துவப் பயிற்சியின்போது, ஹார்லெம் மருத்துவமனைக்கு வரும் கறுப்பின மக்களில் பார்வையிழந்தவர்கள் அதிகமாக இருப்பதையும், கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அப்படி இல்லாததையும் கவனித்தார். எண்ணிப் பார்த்து எழுதினார். கண்புரையை லேசரால் கரைத்து எடுக்கும் கருவியை 1981-இல் யோசித்தார். அதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற லேசர் கிடைத்த இடம் பெர்லின். அங்கே போய்ச் செய்துகாட்டி, 1988 மே மாதம் காப்புரிமை பெற்றார். மெக்டொனால்டு அந்த மூதாட்டியின் கண்ணைத் தொட்ட இரண்டாவது மாதம் அது. இரண்டு பெண்களும் கையில் எடுத்தது லேசரைத்தான். ஒருவருடைய வேலை கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடியை நீக்கப் பயன்பட்டது. இன்னொருவருடையது குருடாகிக்கொண்டிருப்பவர்களை நோக்கியது. எதில் பணம் குவிந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இனி எங்கள் பக்கத்துக் கருவிழிகளுக்கு வருகிறேன். தேவாரமும் போடியும் மலையடிவாரம். ஏலக்காய் விளைவது மேலே, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், உடும்பஞ்சோலையிலும் நெடுங்கண்டத்திலும் பூப்பாறையிலும். பறிக்கிற கைகள் நிறைய கீழே இருந்து போகின்றன. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏறுவார்கள். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியே சாலை கேட்டு எத்தனையோ வருடமாக மனு போகிறது. ஏலச்செடியில் காய் உச்சியில் இல்லை, தூரில். தரையோடு படரும் சரத்தில் பிஞ்சும் முற்றியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். குனிந்து, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த தழையின் நிழலில், முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். இலை கண்ணில் அடிக்கும். செத்தை விழும். மருந்து தெளித்த தோட்டத்தின் ஈரம் முகத்தில் படும்.

இலையும் செத்தையும் கீறினால் கருவிழியில் பூஞ்சை பிடித்துப் புண்ணாகும். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அந்த இடம் வழியாக ஒளி போகாது. "பூ விழுந்துருச்சு" என்பார்கள் எங்கள் பக்கம். 1993-ஆம் வருடத்துக்கு மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எவ்வளவு என்று கணக்கிட்ட ஓர் ஆய்வு 1996-இல் வெளியானது. பத்தாயிரம் பேருக்கு 11.3 என்று வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வட்டாரத்தில் எடுத்த கணக்கைப்போல அது பத்து மடங்கு. தேனி தனி மாவட்டமானது 1996-இல் என்பதால் அந்த மதுரைக் கணக்கில் தேவாரமும் போடியும் சேர்த்தி. நான் காசு கொடுத்துச் சீவிக்கொண்ட அதே அரை மில்லிமீட்டர்தான் இது. எண்பதுகளில் உலகத்தின் தலைசிறந்த ஆய்வுக்கூடங்கள் அதை கால் மைக்ரான் கால் மைக்ரானாக அளந்துகொண்டிருந்தபோது, இங்கே களையெடுக்கப் போனவளின் கண்ணில் தாய்ப்பாலைப் பீச்சிக்கொண்டிருந்தோம்.

மதுரையில் 1976-இல் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோன பின்னும் அறுவை செய்யப் பழகிய மனிதர். அவரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவருடைய தங்கை ஜி. நாச்சியாரைப் பற்றி எழுதியது குறைவு. இந்தியாவில் பெண் கண் அறுவை மருத்துவர்கள் அரிதாக இருந்த காலத்தில் அந்த வேலைக்கு வந்தவர். கிராமத்துப் பெண் பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, மருத்துவமனையின் அன்றாட வேலையில் பெரும்பகுதியை அவர்கள் கையில் ஒப்படைத்ததில் அவர் பங்கு பெரியது. பவர் பார்ப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவைக்குத் தயார் செய்வது எல்லாம் அந்தப் பெண்கள். மருத்துவர் ஒரு கண்ணை முடித்துவிட்டு அடுத்த கண்ணுக்குத் திரும்பினால் போதும் என்கிற வேகம் உலகமெங்கும் மேலாண்மைப் பாடமாகிவிட்டது. பாடத்தில் வேகத்துக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு இல்லை. 1985-இல் தேனியில் கிளை வந்தது. 1992-இல் தொடங்கிய அரோலேப், நூறு டாலர் வரை விற்ற கண்புரை லென்ஸைப் பத்து டாலருக்கும் கீழே இறக்கியது. அப்படியும் உலகத்தில் பார்வையிழந்தோரில் பாதிக்கு மேல் பெண்கள். அதிக வயது வாழ்வது ஒரு காரணம். பஸ்ஸுக்குக் காசும், கூடப் போக ஆளும், ஒருவாரம் அடுப்பை விட்டு நகர அனுமதியும் கிடைக்காதது இன்னொரு காரணம். பாட்டியின் கண்புரை பேரன் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கும். தாத்தாவுடையது அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்கு வருகிற மாற்றத்துக்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று அழகான பெயர் உண்டு. சாளேசரம் என்றும் சொல்வோம், நாற்பதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. கண்ணுக்குள்ளிருக்கும் இயற்கையான லென்ஸ் விறைத்துக் கிட்டத்தில் குவிய மறுக்கும். கருவிழியைச் சீவுவதால் இது நிற்காது. கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் வயதான பின்னும் படித்துக்கொள்ளலாம். லேசர் செய்துகொண்டவர்களுக்கு அந்தச் சலுகை போய்விடும். எனக்கு 43-இல் வந்தது. சிங்கப்பூரில் இதையும் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார்கள். விடைத்தாள் திருத்தப் படிக்கும் கண்ணாடி வாங்கினேன், இருநூற்று ஐம்பது ரூபாய்.

அந்த இருநூற்று ஐம்பது ரூபாய் விஷயம்தான் ஏலக்காய்ப் பெண்களின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. 2018-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் அசாம் தேயிலைத் தொழிலாளர்கள் பற்றிய ஆய்வு வந்தது. நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 பேர், பெரும்பாலோர் பெண்கள். பாதிப் பேருக்குக் கிட்டத்துக் கண்ணாடி உடனே கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்தபின். கண்ணாடி போட்டவர்கள் நாளொன்றுக்குப் பறித்த இலை சராசரியாக 9.8 கிலோ கூடியது. போடாதவர்களுக்குக் கூடியது 4.6 கிலோ. கிலோக் கணக்கில் சொன்னதால்தான் உலகம் கவனித்தது என்பது எனக்கு உறுத்துகிறது. அந்தப் பெண்ணுக்கு ஊசியில் நூல் கோக்க முடிந்ததா, கல் இல்லாமல் அரிசி பொறுக்க முடிந்ததா, செல்போனில் மகள் அனுப்பியதைப் படிக்க முடிந்ததா என்பதற்கும் ஓர் அட்டவணை இருந்திருக்கலாம்.

போடியில் ஏலக்காயைத் தரம் பிரிப்பது முழுக்கப் பெண்கள். சுளகில் பரப்பி, பச்சை மங்கியதை, வெடித்ததை, பூச்சி அரித்ததை விரல் நுனியால் ஒதுக்குவார்கள். என் அம்மா அதில் 22 வருடம் இருந்தார். 46 வயதில் அவர் ஒதுக்கிய குவியலில் நல்ல காய் கிடக்கிறது என்று கங்காணி சொன்னார். முதலில் மூட்டை தைக்க மாற்றினார்கள், அதற்கும் கண் வேண்டும். பிறகு கூட்டிப் பெருக்க. கூலி குறைந்தது. "கண்ணு போச்சுத்தா, அவ்வளவுதான் நம்ம சோலி" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். கண் போகவில்லை. தூரத்துக் கோயில் கோபுரத்தில் புறா உட்கார்ந்திருப்பதை அவர் எண்ணிச் சொல்வார். வெள்ளெழுத்து என்ற சொல் அவருக்குத் தெரியும், கிழவன்மார் பேப்பர் படிக்கிறபோது போடுகிற கண்ணாடியை ஒட்டித் தெரியும். எழுத்தே படிக்காத தனக்கு அது எப்படி வரும் என்று கேட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுவில் அரவிந்தின் தேனி மருத்துவமனை, போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி, பெரியகுளம் போன்ற ஊர்களில் சிறு பார்வை மையங்களை அமைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் உதவியோடு உயரமான கம்பங்களில் ஆண்டெனா கட்டி, கம்பியில்லா இணைப்பில் தேனி மருத்துவர் நோயாளியோடு காணொலியில் பேசினார். மையத்தில் உட்கார்ந்து கண்ணைப் பரிசோதிக்கிறவர் பயிற்சி பெற்ற பெண். கண்ணாடி வேண்டும் என்றால் அங்கேயே செய்து கொடுப்பார்கள். அம்மாவை நான் அங்கேதான் அழைத்துப் போனேன். அப்போது அவர் தரம் பிரிப்பதை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. பரிசோதித்த பெண் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், "அம்மா, இதுல என்ன தெரியுது?" என்று எழுத்துக்குப் பதிலாகத் திசை காட்டும் குறிகள் போட்ட அட்டையைக் கையில் கொடுத்தார். அம்மா அதை வாங்கித் தள்ளிப் பிடித்தார், பிறகு கண்ணாடி மாட்டிவிட்டதும் கிட்டே கொண்டுவந்தார். அட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரல் நகங்களைத்தான் முதலில் பார்த்தார்.

இப்போது போடியில் அம்மாவோடு வேலை பார்த்த மதினிமார் மூன்று பேர் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தையில் வாங்கியது, பிளஸ் இரண்டு. ஒருவர் பிரித்து முடித்து மற்றவருக்குக் கொடுப்பார். மூன்று பேருக்கும் வேண்டிய பவர் வேறு வேறாகத்தான் இருக்கும். கங்காணி வரும்போது யார் கண்ணில் இருக்கிறதோ அவர் கழற்றி மடியில் போட்டுக்கொள்கிறார். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று கழித்துவிடுவார்களாம்.